அப் லைனும் டவுன் லைனும்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணி என்றால் நம் வீட்டில் அது ஒரு நியமம். எந்த வேலை இருந்தாலும் அதை ஒதுக்கி வைத்துவிட்டு, நாமும் நம் இல்லாளும் ஒன்பது வயது மகளும் பின்னறை மேஜைக்கு முன் அமர்ந்துவிடுவோம். கைப்பேசியைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்து வைத்து, மாயவரத்தை அடுத்த நம் கிராமத்துக்கு வீடியோ அழைப்புப் போடுவோம். அங்கே திண்ணையில் நம் பெற்றோர் இருவரும் காத்திருப்பார்கள்.

சாதாரணமாகப் பேசினால் போதாதா, முகம் பார்த்துத்தான் பேச வேண்டுமா என்று சிலர் கேட்கக் கூடும். நம் வீட்டில் அதற்குக் காரணம் உண்டு. நான்காண்டுகளுக்கு முன் கண்ட ஒரு காய்ச்சலில் நம் தந்தையாருக்குச் செவிப்புலன் அறவே போய்விட்டது. காது மிஷின் வாங்கி மாட்டிப் பார்த்தும் பயன் விளையவில்லை. எதிரில் இருப்பவரின் உதட்டசைவைக் கொண்டும் எழுதிக் காட்டுவதைக் கொண்டுமே அவர் விஷயத்தை அறிகிறார். முப்பதாண்டுகளுக்கு மேல் தொடக்கப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர் அவர். (அவருடைய மகனாகிய நம் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது என்பது வேறு கதை. கலாசியாக ரயில்வேயில் சேர்ந்து, இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனோம்.) நம் மகளுக்கோ பள்ளியில் இந்தியும் ஆங்கிலமுமே உண்டு, தெருவில் வங்காளியும் தெலுங்கும். தமிழ் எழுத்தை அவள் கற்றதெல்லாம் இந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான். அவள் ஒரு சிலேட்டில் எழுதிக் கைப்பேசிக்கு முன் உயர்த்திக் காட்டுவாள். தாத்தா அதைப் படித்து, பிழை இருந்தால் விரலை ஆட்டுவார். சரியான எழுத்தைக் காற்றில் வரைந்து காட்டுவார். பேத்தி அழித்து எழுதுவாள். ஒலி ஒன்றுமில்லாமல் அரைமணி நேரம் இவ்வாறு பாடம் நடக்கும். பார்க்கிற நமக்கு அலுக்காது.

நாம் இருப்பது கரக்பூரில். ஒரு காலத்தில் உலகிலேயே நீளமானது என்று பெயர் வாங்கிய 1072 மீட்டர் பிளாட்பாரம் இந்த ஊரிலேதான் உள்ளது. 2013இல் கோரக்பூரும், பின்னர் 2023இல் ஹூப்ளியும் அந்தப் பெருமையைத் தட்டிக்கொண்டு போயின. பிளாட்பாரம் நீளமாக இருக்கிறதே தவிர, நமக்கு ஒதுக்கப்பட்ட குவார்ட்டர்ஸ் அப்படியன்று. பழைய காலத்துக் கட்டடம். ஒன்றரைச் சாண் கனமுள்ள செங்கற்சுவர்கள். இன்டர்நெட்டுக்கான கண்ணாடி இழைக் கம்பி முன்வாசல் வழியாக வந்து, முன்னறைச் சுவரில் கம்பெனிக்காரர் மாட்டிய பெட்டியில் முடிகிறது. அந்தப் பெட்டியிலேயே வைஃபையும் இருந்தது. ஆனால் இரண்டு சுவர்களைத் தாண்டிப் பின்னறைக்கு அது எட்டவில்லை. முன்னறையில் ஓயாமல் ஆள் நடமாட்டம். பாடம் நடத்த இயலாது.

அந்தச் சமயத்தில் நம் அலுவலக நண்பர் ஒருவர் சக்ரதர்பூருக்கு மாற்றலாகிப் போனார். அவரிடம் ஒரு பழைய ரௌட்டர் இருந்தது. நல்ல தினுசு என்று சொல்லி 600 ரூபாய்க்குக் கொடுத்தார். பஜாரிலிருந்து ஓர் எலெக்ட்ரீஷியனை அழைத்து, முன்னறைப் பெட்டியிலிருந்து பின்னறை வரை கேபிள் இழுத்து, ரௌட்டரை இரும்புப் பீரோவின் தலைமேல் ஏற்றி வைத்தோம். நண்பரே கூட இருந்து வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றிக் கொடுத்துவிட்டு, மறுநாள் ரயிலேறிப் போனார். பீரோவின் மேல் பச்சை விளக்குகள் மினுமினுப்பதைக் கண்டு நமக்குண்டான பெருமை கொஞ்சமன்று.

அந்த வாரமே பிடித்தது சனியன். ஞாயிறு மாலை படம் கட்டம் கட்டமாக உடைந்தது. சிலேட்டைத் தூக்கிய மகளின் கை தூக்கியபடியே உறைந்து நின்றது. தந்தையாரின் முகம் நமக்கு ஒருவாறு தெளிவாகவே தெரிந்தது. ஆனால் அவர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. நான்காவது வாரம் நம் தாயார் மட்டும் வந்தார்கள். “அப்பா போனைக் கையில் வாங்க மாட்டேன் என்கிறார், தம்பி. ஒன்றும் தெரியவில்லையாம். குழந்தைக்கும் வீண் சிரமம் என்கிறார்” என்றார்கள். சில நாட்களில் தந்தையாரின் கையெழுத்தில் ஓர் இன்லண்டு கடிதம் வந்தது. இனி ஞாயிறுதோறும் கஷ்டப்பட வேண்டாம். மாதம் ஒரு கடிதம் போட்டால் போதும் என்று எழுதியிருந்தார். அன்று இரவு நமக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நாம் பணம் கட்டுவது 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு. கைப்பேசியில் வேகத்தைச் சோதித்தால் 15க்கு மேல் ஏறவில்லை. உடனே கம்பெனிக்குப் புகார் செய்தோம். ஓர் இளைஞர் வந்தார். வங்காளிப் பிள்ளை, இருபத்திரண்டு வயதிருக்கலாம். தம் மடிக்கணினியை முன்னறைப் பெட்டியில் நேராகக் கேபிள் போட்டு மாட்டினார். 203 காட்டிற்று. “தாதா, எங்கள் லைன் சரியாக இருக்கிறது. உங்கள் ரௌட்டரில்தான் ஏதோ இருக்கிறது” என்றார். நமக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தங்கள் சரக்கை விற்பதற்கு இது ஒரு தந்திரம் என்றே எண்ணினோம். சோதிக்கும்போது மட்டும் வேகத்தைத் திறந்துவிடுகிறீர்களோ என்று கேட்டோம். அவர் பதில் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நாம் அதோடு விடாமல், அவர் வேலை செய்யாமல் போய்விட்டதாக அவர் பெயரைக் குறிப்பிட்டே மேலிடத்துக்கு ஒரு புகார் எழுதினோம். குமாஸ்தாவுக்குப் புகார் எழுதச் சொல்லித்தர வேண்டுமா? மிகவும் நன்றாகவே எழுதியிருந்தோம்.

அடுத்து வந்த விடுமுறை நாளில்தான் புத்தி வந்தது. வண்டித் தொடரில் எங்கோ ஒரு வேகனில் கோளாறு என்றால், எல்லா வேகன்களையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். ரயில்வேயில் இத்தனை நாள் இருந்தும் வீட்டில் நமக்கு இது தோன்றாமல் போயிற்று. பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருக்கும் தெலுங்குக்காரர் மகனிடம் மடிக்கணினியை இரவல் வாங்கினோம். அந்தப் பையன் சொன்ன முதல் விஷயம், வைஃபையில் அளக்காதீர்கள், முதலில் கேபிளில் அளந்து பாருங்கள் என்பது. காற்றில் வருவதை மட்டும் அளந்தால், குற்றம் காற்றிலா கம்பியிலா பெட்டியிலா என்று பிரிக்க முடியாது.

முன்னறைப் பெட்டியில் நேராக மாட்டினோம்: இறங்குவது 201, ஏறுவது 197. அந்த வங்காளிப் பிள்ளை சொன்னது சரிதான். முகம் சற்றுச் சிவந்தது. பக்கத்தில் யாரும் கவனிக்கவில்லை.

பிறகு பின்னறைக்குப் போய் ரௌட்டரில் கேபிளை மாட்டினோம். இறங்குவது 15, ஏறுவது 0.9. இந்த இரண்டாவது எண்ணை அதுவரை நாம் பார்த்ததே இல்லை. வேகச் சோதனையில் பெரிதாகத் தெரியும் முதல் எண்ணையே எல்லோரும் பார்க்கிறோம். நம் தொழில் பாஷையில் சொன்னால், ஒன்று டவுன் லைன், மற்றொன்று அப் லைன். நாம் தந்தையாரைப் பார்ப்பது டவுன் லைனில். தந்தையார் நம்மைப் பார்ப்பது நம்முடைய அப் லைனில். அவர் முகம் நமக்குத் தெளிவாகத் தெரிய, நம் சிலேட்டு அவருக்குத் தெரியாமற் போனதன் மர்மம் அப்போதுதான் விளங்கிற்று.

கிடைத்த ஒன்றையும் ஒழுங்காக விட்டோமா என்றால், அதுவும் இல்லை. கம்பெனிக்காரர் சொல்லும் எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு. புகைப்படம் முதலியவற்றின் அளவு பைட் கணக்கு. எட்டு நாழி ஒரு குறுணி என்பதுபோல எட்டு பிட் ஒரு பைட். 4 மெகாபைட் உள்ள ஒரு படம் 32 மெகாபிட் ஆகிறது. ஏறும் வேகம் ஒன்று என்றால் அந்த ஒரு படம் போய்ச் சேர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். ஞாயிறு மாலையில் நம் இல்லாள் கோவிலுக்கோ உறவினர் வீட்டுக்கோ போய் நாற்பது ஐம்பது படம் எடுத்துக்கொண்டு ஆறரைக்கு வீடு திரும்புவாள். கைப்பேசி வைஃபையைக் கண்டதும் அத்தனை படங்களையும் தானாகவே சேமிப்புக்கு அனுப்பத் தொடங்கிவிடும். சரியாக ஏழு மணிக்கு அப் லைன் முழுவதும் சரக்கு வண்டி நிற்கும். நம் பாசஞ்சருக்கு வழி ஏது? மற்ற நாட்களில் ஓரளவு சரியாக இருந்து, ஞாயிறு மாலை மட்டும் ஏன் இந்த அவதி என்று ராகு காலத்தின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தோம்.

சரி, 200 வரும் வீட்டில் ரௌட்டர் ஏன் 15ஐயும் 0.9ஐயும் கொடுக்கிறது? ரௌட்டரின் அடிப்புறத்தில் ஒட்டியிருந்த சீட்டில் அதன் உள்பக்கத்தைத் திறப்பதற்கான முகவரி இருந்தது. நுழைவதற்கு வேண்டிய சொல் நண்பர் வைத்தது; சக்ரதர்பூருக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டோம். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்து வருகையில், வேகப் பங்கீடு என்ற பக்கத்தில் இரண்டு எண்கள் எழுதியிருந்தன: இறங்குவதற்கு 16, ஏறுவதற்கு 1.

மறுபடியும் நண்பருக்குப் போன் செய்தோம். அவர் சற்று யோசித்து, “அடடா, அது நான்தான் எழுதினேன்” என்றார். முன்பு அவர் வீட்டில் டெலிபோன் கம்பி வழியாக வந்த இன்டர்நெட் இருந்ததாம். அதன் வேகமே அவ்வளவுதான். வீட்டில் ஒருவர் எல்லா வேகத்தையும் விழுங்கிவிடாமல் பங்கிட வேண்டுமென்றால், மொத்தம் எவ்வளவு வருகிறது என்பதை ரௌட்டருக்குச் சொல்ல வேண்டும். அவரும் உள்ளபடி சொல்லியிருக்கிறார். அதன் பிறகு எந்த லைனில் மாட்டினாலும், அந்த ரௌட்டர் அந்த அளவுக்கு மேல் விடவே விடாது. தண்டவாளத்தில் வேலை நடக்கும்போது வேகக் கட்டுப்பாட்டுப் பலகை நடுவார்கள். வேலை முடிந்து, புதுத் தண்டவாளம் போட்டு, பலகையை மட்டும் எடுக்க மறந்தால் டிரைவர் என்ன செய்வார்? பலகையைப் பார்த்து மெதுவாகவே போவார். அவர்மேல் குற்றமில்லை.

இவ்விடத்தில் ஒரு வார்த்தை. பிறரிடமிருந்து ரௌட்டர் வாங்கும் அன்பர்கள், வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதன் முதுகில் இருக்கும் சிறு துளையில் ஓர் ஊசியை நுழைத்துச் சுமார் பத்து வினாடி அழுத்திப் பிடித்தால், பழையவர் எழுதியதெல்லாம் அழிந்து பிறந்த நிலைக்கு வந்துவிடும். நாம் அன்றைக்கு அதைச் செய்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும். ஒரு புகாரும் மிச்சமாகியிருக்கும். கம்பெனி தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் ரௌட்டரிலேயே பதிந்து இணைக்கும் வீடுகளில், அழிப்பதற்கு முன் அவற்றைக் குறித்துக்கொள்வது அவசியம். நம் வீட்டில் அந்த வேலையை முன்னறைப் பெட்டியே செய்துவந்ததால் சங்கடமில்லை.

ஊசியால் அழுத்தி, மீண்டும் வைஃபைக்குப் பெயர் வைத்து, அளந்தோம். இறங்குவது 94, ஏறுவது 94. நமக்கு வானத்தில் பறப்பதுபோல் இருந்தது. தெலுங்குக்காரர் மகனோ முகத்தைச் சுளித்தான். “மாமா, 94 என்றாலே சந்தேகம். அது 100இல் இணைந்திருக்கிறது” என்றான். நூறில் தலைப்புச் சீட்டுகளுக்கும் முகவரிகளுக்கும் போகும் கழிவு போக மிஞ்சுவது ஏறக்குறைய 94ஆம். பெட்டியும் ரௌட்டரும் ஆயிரம் வரை தாங்கக்கூடியவை. ஆகவே கேபிளைப் பார்க்க வேண்டும் என்றான். அந்தக் கேபிளுக்குள் எட்டு மெல்லிய கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கி, நான்கு ஜோடிகளாக இருக்கின்றன. நூறு வேகத்துக்கு இரண்டு ஜோடி போதும். ஆயிரம் வேகத்துக்கு நான்கும் வேண்டும். நூறுக்கு வேண்டாத மற்ற இரண்டு ஜோடிகளில் ஒரு கம்பி அறுந்தால் இரு பெட்டிகளும் பெரும்பாலும் தமக்குள் பேசி நூறுக்கு இறங்கிக்கொள்ளும், விளக்கு எரியும், இன்டர்நெட்டும் வரும், யாருக்கும் சந்தேகம் தோன்றாது. கேபிளைத் தடவிக்கொண்டே போனோம். நடுக் கதவின் கீழ் அது நசுங்கியிருந்தது. கதவை நாளைக்கு நூறு முறை மூடுகிறோம். கீறிப் பார்த்தால் பழுப்புக் கம்பி இரண்டாக இருந்தது. புதுக் கேபிள் வாங்கி, கதவைத் தவிர்த்து மேல் நிலையோரமாகக் கொண்டு வந்தோம். 190க்கு மேல் காட்டிற்று.

கம்பி வரை சரி, இனி காற்று. ரௌட்டரைப் பீரோவின் தலையிலிருந்து இறக்கினோம். இரும்பு அந்த அலையைத் திருப்பி அடித்துவிடும். அதைவிடப் பெரிய அசட்டுத்தனம் ஒன்று உண்டு. முன்னறைப் பெட்டியின் வைஃபையை நாம் நிறுத்தவே இல்லை. அதுவும் ரௌட்டரும் ஒரே ஆறாம் தடத்தில் இருந்துகொண்டு, ஒன்று பேசும்போது மற்றொன்று காத்திருந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பல தடங்கள் இருப்பதாகத் தோன்றினாலும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை 1, 6, 11 என்ற மூன்றே. குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதும் ஆறிலே குந்தியிருந்தது. மைக்ரோவேவ் அடுப்பு வைத்திருப்பவர் வீட்டில் அதுவும் இந்த அலையிலேயே வந்து குறுக்கிடும். 5 கிகாஹெர்ட்ஸ் அலையில் கூட்டம் குறைவு, வேகம் அதிகம். சுவரைத் தாண்டுவதில்தான் அதற்குச் சக்தி போதாது. ரௌட்டரும் மேஜையும் ஒரே அறையில் இருப்பதால் நமக்கு அது பொருந்திற்று. மேஜையில் கைப்பேசியில் 150 கிடைத்தது. இரண்டு சுவரை நினைத்து இத்தனை பாடுபட்ட நமக்கு அதற்கு மேல் ஆசையில்லை.

மறுநாள் கம்பெனிக்கு எழுதிப் புகாரைத் திரும்பப் பெற்றோம். தவறு முழுவதும் நம்முடையதே என்று, முதற்கடிதத்தைவிட நீளமாகவே எழுதினோம். பதில் வரவில்லை. அந்த இளைஞரின் எண் நம்மிடம் இருந்தது. கூப்பிட்டு, வீட்டுக்கு ஒரு முறை வர இயலுமா என்று கேட்டோம். மறுபடியும் சண்டையோ என்று பயந்தபடியே வந்தார். விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். தம்மைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர் அவ்வாறு கேட்டதில் அவருக்குக் கூச்சம் வந்துவிட்டது. “பரவாயில்லை தாதா, எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்” என்றார். அந்தப் புகாரினால் அவருக்குச் சம்பளத்தில் ஏதேனும் பிடித்தார்களா என்று கேட்டோம். அவர் நேராகப் பதில் சொல்லாமல் ரௌட்டர் இருக்கும் அறையைக் காட்டச் சொன்னார்.

பார்த்துவிட்டு ஒரு திருத்தம் செய்தார். முன்னறைப் பெட்டியும் ரௌட்டரும் இரண்டுமே வீட்டுக்கு முகவரி வழங்கும் அதிகாரிகளாக இருந்தன. அதனால் வேகம் பெரிதாகக் குறையாது. ஆனால் வெளியிலிருந்து வீட்டுக்குள் தொடர்பு வர வேண்டிய சில காரியங்களில் ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு கதவுகள் குறுக்கே நிற்கும். ரௌட்டரை வெறும் வைஃபை மட்டும் தரும் நிலைக்கு மாற்றி, அதிகாரத்தை முன்னறைப் பெட்டிக்கே விட்டுவிட்டார். நம் இல்லாள் ஃபில்டர் காப்பி போட்டுக் கொடுத்தாள். தேநீர்ப் பழக்கமுள்ளவர், முகத்தைச் சுளிக்காமல் குடித்து முடித்தார். பணம் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். அவருக்குப் பிடித்தம் உண்டா இல்லையா என்பது மட்டும் இன்றுவரை நமக்குத் தெரியாது. கிளை அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்பதாக இருக்கிறோம்.

தந்தையாரை மீண்டும் திண்ணைக்கு வரவழைப்பது ரௌட்டரைவிடக் கடினமாக இருந்தது. எதையும் விட்டால் விட்டதுதான் என்ற சுபாவம் அவருக்கு. கடிதம் எழுதினோம், தாயாரிடம் சொன்னோம். அந்த ஞாயிறு நம் இல்லாளின் கைப்பேசியில் படம் அனுப்பும் வேலையை இரவு பதினோரு மணிக்கு மேல் என்று மாற்றி வைத்தோம். இனி அதற்குத் தேவையில்லைதான், பயம் போகவில்லை.

ஏழு மணிக்கு அழைத்தோம். தாயார் கைப்பேசியைத் தந்தையாரின் முகத்துக்கு எதிரே பிடித்தார்கள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். நம் மகள் சிலேட்டை உயர்த்தினாள். தாத்தா இப்போது தெரிகிரதா என்று எழுதியிருந்தாள். தாயார் அவர் தோளைத் தொட்டுக் காட்டினார்கள். திரும்பிப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். நாம் மூச்சு விடவில்லை.

விரலை ஆட்டினார். பிறகு அதே விரலால் காற்றில் மெதுவாக ஒரு ‘ற’ வரைந்தார்.